காசிமாயன் பார்த்த விரிசல்

காசிமாயனுக்கு வாய் சும்மா இருக்காது. பழைய சாமான் வாங்கப் போனால் கேட்கவே வேண்டாம். சாமான் எவ்வளவு நல்லதோ அவ்வளவு திட்டுவான். திட்டத் திட்ட விலை இறங்கும் என்பது போடி ஜீப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் உள்ள நம்பிக்கை.

குரங்கணி ரோட்டில் கியர்பாக்ஸ் கூடு பிளந்து நின்ற நாளிலிருந்து அவனுடைய ஜீப்பு கோழிகள் முட்டையிடத்தான் உதவியது. அந்தப் பழைய மாடலுக்குப் புதுக் கூடு இப்போது வருவதில்லை. மனைவி மகாராணி ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டுக்கு அடுத்தவன் ஜீப்பில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாள். "ஜீப்புக்காரன் பொண்டாட்டி தொங்கிட்டு வர்றா பாரு" என்று கூட வருகிறவர்கள் சிரித்தார்கள். அவள் அதை வீட்டில் வந்து சொன்னதில்லை. கேள்விப்பட்ட இவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஞாயிறு தவறாமல் பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சாக்கு சாக்காகக் கிளறினான்.

கடைசியில் கிடைத்தது. ராசிங்காபுரத்துச் சுந்தரம்மாள், செத்துப்போன கணவரின் பட்டறைச் சாமான்களைச் சாக்கில் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஸ்பானர்கள், ஜாக்கி, நடுவில் அதே மாடல் கூடு, பேரிங்கோடு. அப்படியே தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது அவனுக்கு. முகத்தில் காட்டிக்கொள்வானா?

"இதுக்கா ஆத்தா இம்புட்டு வெல சொல்ற? இந்தா பாரு, விரிசல் ஓடியிருக்கு." அவன் விரல் வைத்துக் காட்டியது வார்ப்பில் விழுந்த வெறும் கோடு. "எடைக்குப் போட்டாத்தான் உண்டு."

"அப்படியா அப்பு? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

அவன் திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்கு நடந்தான். பாதி டீக்குள் கூப்பிட்டுவிடுவாள் என்பது கணக்கு. கூப்பிடவில்லை. வீம்புக்கு ஒரு வடையும் தின்றான். அப்போதுதான் சம்மட்டிச் சத்தம் கேட்டது.

ஓடிவந்து பார்த்தால், பழைய இரும்பு எடுக்கும் பேச்சிமுத்து பேரிங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உடைத்த கூட்டைத் துண்டு துண்டாகத் தராசில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் ஆத்தா ஒடைக்க விட்ட!"

"நீதானப்பு சொன்ன. நீ அங்கிட்டுப் போனதும் மேல எஸ்டேட்டு ஆளு ஒருத்தரு, கேட்ட வெலையத் தாரேன்னாரு. விரிசல் சாமான், வேணாம்யான்னு அனுப்பி வச்சேன். மலை ரோட்டுல வண்டி நின்னா எத்தன உசுரு! வேற யாரும் வாங்கி ஏமாந்துறக் கூடாதுன்னுதான் இங்கனயே ஒடைக்கச் சொன்னேன்."

காசிமாயன் தராசிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன்னய மாதிரி உள்ளத சொல்ற ஆளு இந்தச் சந்தையில யாரு இருக்கா? செத்த உக்காரு அப்பு. எது நல்லது எது சொத்தைன்னு நீயே பாத்துச் சொல்லிரு."

ஆத்தா, நான் சொன்னது பொய். நாலே வார்த்தை. சந்தையையே விலை பேசுகிற வாய்க்கு அது வரவில்லை. கோழைப்பயல், சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். ஸ்பானர் நல்லது என்றான். ஜாக்கி நல்லது, வெலையக் கொறைக்காத என்றான். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"எல்லாத்தையும் நல்லாத்தான் வச்சிருந்திருக்காரு மனுசன். அப்ப அந்த ஒண்ணுதான் சொத்தையா அப்பு?"

"ஆமா ஆத்தா" என்றான் காசிமாயன், தலையைத் தூக்காமல்.