பெல்ட் பேசாத இடம்

“இப்ப எந்தப் பக்கம்?”

“வலது.”

“இப்ப?”

“முன்னாடி. தொப்புள்கிட்ட.”

“இப்ப?”

சோபனா காத்திருந்தாள். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். இடுப்பில் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை.

“இன்னா ஹேமந்த், போட்டீங்களா இல்லையா?”

“போட்டனே. இடது பக்கம், பின்னாடி.”

“ஒண்ணுமே வரலயே.”

ஹேமந்த் வேலூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவன். அந்த பெல்ட் அவனுடைய மூன்று வருஷத்து உழைப்பு. மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு எது மேலே, எது கீழே என்று தெரியாது. சமநிலையை உணர்த்துகிற உள்காது ஒன்று சொல்லும், விமானம் வேறொன்று செய்யும். மீட்டர்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்துபோகிற நேரத்தில் உடம்புக்கே நேராகச் சேதி சொன்னால் என்ன என்று யோசித்திருக்கிறான். அதற்காகத் தோல் பெல்ட்டுக்குள் சுற்றிலும் குட்டி மோட்டார்களை வைத்தான். செல்போனை அதிர வைக்குமே, அந்த ஜாதி மோட்டார். விமானம் இடது பக்கம் சாய்ந்தால் இடுப்பின் இடது பக்கம் கிர்ரென்னும். மூக்கு கீழே போனால் தொப்புளருகே, மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் முதுகுப் பக்கம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பெல்ட் கம்மென்று கிடக்கும்.

இடது பின்பக்கம் கிர்ரென்றால் விஷயம் கொஞ்சம் மோசம். மூக்கும் தூக்கியிருக்கிறது, இடது இறக்கையும் தொங்குகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வேகம் செத்து, விமானம் சுழன்றுகொண்டு விழும். அந்த மோட்டார்தான் வாயைத் திறக்கவில்லை.

சோபனா அந்த அறையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்துப் பிழைக்கிற ஒருத்தியின் மகள், அரசாங்க உதவித்தொகையில் படித்து விமானி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஏர்லைன்ஸ் ஒன்றில் தேர்வாகி, அடுத்த மாதம் மெடிக்கல் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொண்டாள். வேலூருக்குப் பக்கத்தில் பறக்கத் தெரிந்த ஆள் கிடைத்ததில் ஹேமந்துக்குத் தலைகால் புரியவில்லை.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தான். அது நன்றாகவே ஓடியது.

“அந்த இடத்துல தோல் மொத்தமா இருக்கு. உங்கம்மாகிட்ட குடுத்து மெல்லிசாக்கிக் கொண்டாங்க” என்றான்.

பெல்ட்டைத் தைத்ததே அவள் அம்மா விஜயகுமாரிதான். ஷூவின் மேல்தோலான அப்பர் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர். தன் தையலைக் குறை சொன்னால் கம்பெனி மேனேஜரையே முறைத்துப் பார்க்கிற ரகம்.

“எவன் சொன்னான் மொத்தம்னு? எல்லா இடமும் ஒரே அளவுலதான் சீவினேன்” என்று பொரிந்து தள்ளினாள். ஆனாலும் மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப்போய், பிரித்து, மெஷினில் கொடுத்து இன்னும் மெல்லிசாகச் சீவித் தைத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் நின்று புடவைக்கு மேலேயே அதைக் கட்டிக்கொண்டாள்.

“போடு பாக்கலாம்.”

அந்த மோட்டாரை இயக்க ஹேமந்த் செல்போனில் போட்டுக்கொடுத்திருந்த பொத்தானை சோபனா அழுத்தினாள்.

“ஐய, கூசுதுடி!” என்று விஜயகுமாரி துள்ளினாள். “இதுக்கு மேல இன்னா வேணுமாம் அந்தப் பையனுக்கு? இந்தா, நீ கட்டு.”

சோபனா கட்டிக்கொண்டாள். அழுத்தினாள். இன்னொரு தரம் அழுத்தினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோபனா கையைப் பின்னால் கொண்டுபோய் பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே விரல்களை நுழைத்தாள். மோட்டார் விரலில் படபடவென்று துடித்தது. விரலை எடுத்தாள். துடிப்பு நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனால் நிற்கவில்லை, கிர்ரென்ற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பெல்ட்டில் கோளாறு இல்லை என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வருதா?”

“வருதும்மா.”

“பின்ன?” என்று விஜயகுமாரி ஜெயித்தவளாகச் சமையலறைக்குள் போனாள்.

குளியலறைக் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள் சோபனா. இடுப்பின் பின்னால், இடது பக்கத்தில், பெல்ட் படுகிற அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தேமல் ஒன்று இருந்தது. ஏற்கெனவே பார்த்ததுதான். வெயிலுக்கு வந்தது, யூனிபாரம் உரசி வந்தது என்று தானே ஏதோ பேர் வைத்து விட்டிருந்தாள். இப்போது சீப்பின் பல்லால் அதன்மேல் அழுத்தினாள். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். சீப்பில் ரத்தம் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர். உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று அதில் நீலப் பெயின்டில் எழுதியிருக்கும். வருஷா வருஷம் நர்ஸம்மா வந்து பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்பாள். பிள்ளைகள் கூச்சம் தாங்காமல் சிரிப்பார்கள். சோபனாவும் அப்படிச் சிரித்தவள்தான். இப்போது குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

படித்த பெண்ணாயிற்றே, நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு ஆஸ்பத்திரிக்கு யாரும் வழி சொல்லவேண்டாம். வடக்கே எங்கிருந்தோ ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். அது மாத்திரையில் குணமாகிற நோய் என்பதும் அவளுக்குத் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ! பேர் எழுதிக்கொள்வார்கள். மெடிக்கலில் கேட்பார்கள். ‘தகுதியில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், திரும்பச் சேர்த்துக்கொள்ள எத்தனை மாதம், எத்தனை வருஷம்? தெருவில் ஒருத்திக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் முடியட்டும், வேலையில் சேர்ந்துவிட்டுக் காட்டிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றினாள். மனசு தேறவில்லை. ராத்திரியெல்லாம் இடது பக்கம் திரும்பிப் படுக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் ஹேமந்த் வைத்த சோதனையில் அவள் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. சூட்சுமம் இவ்வளவுதான். மோட்டாரை இயக்கும்போதெல்லாம் அவனுடைய கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று ஒரு சத்தம் போடும். சத்தம் கேட்டு, உடம்பில் எங்கேயும் ஒன்றும் வரவில்லையென்றால் அது இடது பின்பக்கம்.

“சூப்பர்! அந்த மோட்டாருக்குத்தான் நீங்க எல்லாத்தையும் விட வேகமா பதில் சொல்றீங்க” என்று ஹேமந்த் பூரித்துப்போனான். “இனிமே நிஜ விமானத்துலயே பாத்துரலாம். சனிக்கிழமை கேப்டன் நவநீதன் வர்றேன்னுட்டார்.”

நவநீதன் அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். மீட்டர்களையும் வெளிப்பார்வையையும் அவளுக்கு மறைத்துவிடுவார்கள், பெல்ட்டை மட்டும் நம்பி ஓட்டவேண்டும். அவர் பக்கத்து சீட்டில் உட்காருவார். அதற்கு முன்னால் வியாழக்கிழமை அந்த அறையிலேயே முழு ஒத்திகை என்று ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை வேலூர் போனாள். அறையில் பாதி விமானம் மாதிரி ஒரு பெட்டி, இரண்டு சீட்டு, எதிரே பெரிய திரை. திரை முழுக்க மேகத்தின் வெள்ளை, ஸ்பீக்கரில் பெல்ட்டின் கிர்ரையே முழுங்கிவிடுகிற இன்ஜின் இரைச்சல். மீட்டர்கள் மேல் அட்டை ஒட்டியிருந்தது. நவநீதன் வலது பக்கம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பீப் சத்தம் இல்லை. வானத்தில் யார் வந்து பீப் அடிக்கப்போகிறார்கள்?

தரையை விட்டுக் கிளம்பிக் கொஞ்சம் உயரம் ஏறினாள். வலது பக்கம் கிர்ரென்றது, திருத்தினாள், நின்றது. முன்னால் கிர்ரென்றது, திருத்தினாள், நின்றது. அவளுக்கே சந்தோஷம் தட்டியது. பிறகு இடது பக்கம் கிர்ரென்றது. கைப்பிடியை வலது பக்கம் சாய்த்து, லேசாகத் தன் பக்கம் இழுத்தாள். நின்றது.

அப்பாடா என்று மூச்சை விட்டாள். பெல்ட் கம்மென்று இருந்தது. மேகத்துக்குள் நேராக, அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். பல நாளாக நெஞ்சிலிருந்த பாரம்கூடக் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

திரை திடீரென்று சுழன்றது. வெள்ளை கிழிந்து பச்சை வயல் தெரிந்தது, சுற்றிக்கொண்டே கிட்டே வந்தது. அவள் எதைப் பிடித்து எதை இழுத்தாளோ அவளுக்கே தெரியாது. திரை சிவப்பாகி நின்றுவிட்டது.

நவநீதன் தாளத்தை நிறுத்தியிருந்தார்.

“நல்லவேளைம்மா, இது ரூமு” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். “சனிக்கிழமை இவ்ளோ தாழ்வுல இப்படி ஆனா, நான் கைவைக்கவே நேரம் இருக்காது. உன்கூட நானும்தான்.”

ஹேமந்த் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “இடது பின்பக்கம் விடாம அடிச்சிருக்கு. உங்களுக்கு வரவே இல்லைல்ல? மறுபடியும் அதே தையல்தான். ஒரே பேஜார்!” அவள் வாயைத் திறப்பதற்குள் விஜயகுமாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டான். “இன்னாம்மா நீங்க, ஒழுங்கா பாத்துத் தைக்கமாட்டீங்களா? உங்க பொண்ணு இப்ப விழுந்துட்டா, தெரியுமா? சனிக்கிழமைன்னா உசுரே போயிருக்கும்.”

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, “குடுத்தனுப்புங்க சார். நான் மறுபடி பிரிச்சுப் பாக்குறேன்” என்றாள் விஜயகுமாரி. அந்தக் குரலில் அவளுடைய வழக்கமான வீம்பு துளியும் இல்லை.

சோபனா அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை பெல்ட் ஒழுங்காகத்தான் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். மாதனூர் தாண்டும்போது சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தாள். பெல்ட் கம்மென்று இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். அவளுக்கு மட்டும் அது எல்லாம் சரி என்றும் இருக்கலாம், செத்துக்கொண்டிருக்கிறாய் என்றும் இருக்கலாம். நாளைக்கு ஏர்லைன்ஸில் சேர்ந்தால் அவளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் சீட்டில் சாய்ந்து தூங்குவார்கள். இடுப்பில் இருக்கிற இது கைக்குப் பரவினால்? விரலுக்குப் பரவினால்? ஆம்பூர் வந்து கண்டக்டர் அதட்டிய பிறகுதான் இறங்கினாள்.

விஜயகுமாரி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து காத்திருந்தாள். பையை வாங்கி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிளேடு விரலைக் கிழித்தது, அதை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் பிரித்தாள்.

“என் கையால தச்சதே உன்னைக் கீழ தள்ளப் பாத்துச்சேடி” என்றாள். “எங்க விட்டேன்னே தெரியலயே. நான் கட்டுனப்ப நல்லாதான வந்துச்சு? நீயும் வருதுன்னுதான சொன்ன?”

சோபனாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“அம்மா, பிரிக்காத. அதுல ஒண்ணும் கோளாறு இல்ல.”

“பின்ன?”

“அன்னைக்கு எனக்கு வரல. உனக்காக வருதுன்னேன்.”

விஜயகுமாரி பிளேடைக் கீழே வைத்தாள். சோபனா அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையைத் தூக்கினாள். அம்மா அந்தத் தேமலைப் பார்த்திருப்பாள். சுகாதார நிலையத்து நீலப் பெயின்ட் சுவரைப் பார்த்து வளராதவர்கள் ஆம்பூரில் யார்?

“நான் கண்ணை மூடிக்கிறேன். நீ தொடு. தொட்டா சொல்றேன்” என்றாள் சோபனா.

கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவேளை எல்லாமே தன் பிரமையாக இருந்துவிட்டால், இந்த நிமிஷம் அம்மாவின் விரல் சுரீரென்று பட்டுவிட்டால் என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குக்கர் இன்னொரு தரம் கூவியது.

“இன்னாம்மா, தொடு. ஏன் சும்மா நிக்கிற?”

பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சோபனா கையைப் பின்னால் கொண்டுபோனாள். விரலுக்குத் தட்டுப்பட்டது அம்மாவின் கை. அவள் முழு உள்ளங்கையையும் தேமலின் மேல் அழுத்தி வைத்திருந்தாள். எப்போதிலிருந்து வைத்திருந்தாளோ தெரியாது.

சோபனா அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

“அழாத கண்ணு” என்றாள் விஜயகுமாரி, தானும் அழுதுகொண்டே. “எங்க லைன்ல செண்பகம் இருக்கால்ல? அவளுக்கு இதான். மாத்திரை சாப்ட்டா, சரியாப் போய்டுச்சு. இப்ப என்னை விட வேகமா தைக்கிறா. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் வர்றேன்.”

“பறக்க விடமாட்டாங்கன்னா?”

“விடறப்போ பறந்துக்க” என்றாள் விஜயகுமாரி. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

சோபனா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹேமந்துக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததும், “மோட்டார் மாத்தவா, தோல் மாத்தவா?” என்றுதான் கேட்டான்.

“எதையும் மாத்தாதீங்க. உங்க பெல்ட் நல்லாதான் இருக்கு, எங்கம்மா தையலும் நல்லா இருக்கு” என்றாள் சோபனா. “சனிக்கிழமை நான் பறக்கல. ஏன்னு கேப்டன்கிட்ட நானே சொல்றேன். முதல்ல எங்கம்மாகிட்ட ஒரு சாரி சொல்லுங்க.”

போனை அம்மாவிடம் நீட்டினாள்.