ஊருக்குப் போய்விட்ட இன்ஜினியரம்மா

விமானம் ஏற இன்னும் பதினோரு நாள் இருக்கும்போதே இன்ஜினியரம்மா ஊருக்குப் போய்விட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, ஆளும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஆனால் காலை ஏழு மணிக்கே வந்து ஸ்டெரிலைசர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னையிலிருந்து நான் இங்க இல்ல. எது நின்னாலும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று அறிவித்துவிட்டாள்.

சம்பளம் வாங்காமல் இரண்டு வருடம் உழைக்க வேறு நாட்டிலிருந்து வந்தவள் அவள். அவளுக்கு முன்பும் ஒருவர் அப்படி வந்து போனார். அவர் போன மூன்றாம் வாரம், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அந்தப் பெரிய இயந்திரம் நின்றது. ஏழு மாதம் அதன்மேல் துணி போர்த்திப் பூச்சாடி வைத்திருந்தார்கள். ஆபரேஷன் வேண்டியவர்களை நாலு மணி நேரப் பயணத்தில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். எல்லாரும் உயிரோடு போய்ச் சேரவில்லை. வந்த முதல் நாள் அந்தப் பூச்சாடியை இறக்கி வைத்தவள் இவள்தான். அது மறுபடி அங்கே ஏறக் கூடாது என்பதே அவளுடைய வைராக்கியம்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் இருங்களேன்" என்று பெரிய டாக்டர் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் விடாக்கண்டன் என்றால் இவள் கொடாக்கண்டன்.

"எங்க அண்ணன் ரெண்டு வருஷமா அப்பாவைத் தனியா பாத்துக்கிறாரு சார். வர்றேன்னு அவருக்குத் தேதி சொல்லிட்டேன். அதோட, அடுத்த வருஷமும் நீங்க இதையேதான் சொல்வீங்க."

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் தன் போன் நம்பரைக் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவள் யார்? கூப்பிட்ட ஐந்தாவது நிமிடம் ஓடிவந்து சரிசெய்து நல்ல பெயர் வாங்கினாள். ஸ்டெரிலைசரை ஓட்டுகிற அக்கா கையில் இந்த இரண்டு வருடமும் டார்ச் லைட்டைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாற்காலி போட்ட நான்காம் நாள், எட்டு மணிக்கு, உள்ளே புஸ்ஸென்று ஆவி கசிந்தது. இயந்திரக் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. பத்து மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன் இருந்தது. அக்கா இயந்திரத்தை ஆறவைத்து, புது வளையத்தை எடுத்தாள். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அழுத்திக்கொண்டே போனாள். அறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்த இன்ஜினியரம்மாவுக்குக் கை பரபரத்தது. கடைசியில் ஒரு விரற்கடை ரப்பர் மிச்சமாகிப் புடைத்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே நின்றது, ஆவியும் கசிந்தது.

பெரிய டாக்டர் மூச்சிரைக்க வந்தார். "ஆபரேஷனைத் தள்ளி வெச்சாச்சு. கொஞ்சம் பாத்துடுங்களேன்."

"நான் ஊர்ல இல்ல சார்."

"விளையாடாதீங்க!"

இரண்டாம் தடவையும் கசிந்தது. மணி பதினொன்று. வைராக்கியமெல்லாம் அவ்வளவுதான், இன்ஜினியரம்மா எழுந்து அறைக் கதவருகே போய்விட்டாள். அக்கா உள்ளிருந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நிதானமாக வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஊருக்குப் போனவங்க உள்ள வரக் கூடாது. நானாச்சு, இந்த ரப்பராச்சு."

வளையத்தைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு அக்கா அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். அப்புறம் பேனா எடுத்து அதில் சம தூரத்தில் நான்கு புள்ளி வைத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று முதலில் நான்கையும் பதித்தாள். பிறகுதான் நடுவில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள்.

பன்னிரண்டரைக்குத் தாழ்ப்பாள் திறந்தது. கருவிப் பொட்டலங்களின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று வந்திருந்தன. நன்றாக வெந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

"நாலு பக்கம் பிடிக்கணும்னு எப்படிக்கா தெரிஞ்சுது? நான் சொல்லித் தரவே இல்லையே?"

"பிள்ளைங்க கவுனுக்குச் சுருக்கு வெச்சா அப்படித்தானே தைப்போம்? நீங்க பண்ணும்போது உங்க முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது."

நறுக்கென்று சொன்னாலும் நியாயமாகத்தான் சொன்னாள். இன்ஜினியரம்மா அசடு வழியச் சிரித்து, பழக்க தோஷத்தில் ஆவிக் குழாயின் திருகில் கை வைத்தாள்.

"கையை எடுங்க. அடுத்த லோடு போடணும்."

அத்தோடு நிற்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இயந்திரத்தின் மேலிருந்த அந்தக் கொட்டை எழுத்து நம்பரைத் தேய்த்து அழித்துவிட்டு, அதே இடத்தில் அக்கா தன் நம்பரைக் குண்டு குண்டாக எழுதினாள். தான் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று தெரிந்திருந்தும் இன்ஜினியரம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"டிக்கெட்ல மாத்தம் இல்லண்ணா. சொன்ன தேதிக்கு வர்றேன்."

"சரி, அதுக்கு ஏன் அழற? என்னாச்சு அங்க?"

"இங்க நான் யாருக்கும் தேவையில்லண்ணா" என்றாள், சந்தோஷம் தாங்காமல்.