கோர்ட்டு கேட்காத கேள்வி

மார்கழி மாதத்தில் யாராவது கல்யாணப் பெண்ணைக் கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டில் விடுவார்களா? சின்னையா விட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சீதாலெட்சுமி மாவாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து அவள் தம்பி தம்புசாமி இறங்கினான். ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்ப்பவன். அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிள்ளானுக்குப் போயிருந்தான். மற்றொன்றிலிருந்து சின்னையா இறங்கினார். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணிக்கு வலது கை என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர். அவருக்குப் பின்னால், சுற்றிய புடவைக்குள் பாதி தொலைந்துபோனவளாய் ஒரு பெண்.

"என் தங்கச்சி மகம்மா, அஞ்சலை. பதினெட்டு முடிஞ்சிருச்சு. தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. தை பொறந்ததும் கோயில்ல வச்சுத் தாலி கட்டிட்டா சரி."

"அதுவரைக்கும் உங்க வீட்லயே இருக்கட்டுமே, அண்ணே. மார்கழியில இப்படிக் கூட்டிக்கிட்டு வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"எங்க வீட்ல பொம்பள யாரு இருக்கா பாத்துக்க? இங்க நீ இருக்க."

காப்பியை ஆற்றிக்கூடக் குடிக்கவில்லை அவர். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்; கண் முழுக்கத் தெருவில் இருந்தது. போகும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளர்த்த பெண்ணை விட்டுவிட்டுப் போகிற மனிதன் இப்படியா போவான் என்று சீதாலெட்சுமிக்கு அப்போதே உறுத்தியது.

ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தபோது அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. முப்பது தாண்டிவிட்டது அவனுக்கு. கப்பலில் வந்தவர்களில் ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம். பெண் கேட்டுப் போன இடமெல்லாம் கைவிரித்தார்கள். புருஷனை இழந்து தம்பியோடு வந்து சேர்ந்த அவளுக்கும், அவனுக்கு ஒரு குடும்பம் அமைந்தால் போதும் என்றிருந்தது.

"நீ முன்னாடி வராந்தாவுல படு. தாலி ஏறுற வரைக்கும் அவ என் கூடத்தான் இருப்பா" என்று மட்டும் சொன்னாள். தம்புசாமி பாயை எடுத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவள் கண் அந்தப் பெண்ணை விட்டு அகலவில்லை. அஞ்சலை நன்றாகப் பாத்திரம் தேய்த்தாள், சொன்னதைச் செய்தாள், கேட்டால் தவிரப் பேசமாட்டாள். புடவை நடக்கும்போதெல்லாம் தடுக்கிவிட்டது. பழக்கமில்லாதவள் போல ஒவ்வொரு அடிக்கும் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பின்கட்டில் பாண்டிக் கட்டம் போட்டு ஆடினால், கையில் இருந்த வேலை நின்றுவிடும்.

ஒரு நாள் காலை அரிசி களைந்துகொண்டே அஞ்சலை தானாகச் சொன்னாள்: "இந்நேரம் எங்கம்மா ரப்பர் பால் வாளியத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போயிருக்கும்."

சீதாலெட்சுமி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "எந்தம்மா?"

பெண் குனிந்து அரிசியை வேகமாகக் களைந்தாள். "ஒண்ணும் இல்ல அத்தே. மாமா சொல்லக்கூடாதுன்னாரு."

அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் பதில் வரவில்லை. சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். "செத்துப்போன அம்மாவ நெனச்சு ஏதோ பேசியிருக்கும்க்கா" என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டான். அவன் அவ்வளவு சீக்கிரம் ஒரு பதிலைக் கண்டுபிடித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டொரு நாளில் விஷயம் தானாக வெளியே வந்தது. கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். உள்ளங்கையில் ஒரு கடைவாய்ப் பல், வேரில்லாமல், ஓரத்தில் கொஞ்சம் ரத்தத்தோடு.

"அத்தே, கொஞ்சம் சாணி வேணும். உருட்டிக் கூரையில போட்டாத்தான் புதுசு மொளைக்கும்."

வெளியே மாட்டுவண்டிகள் போகிற தெருதான், சாணிக்குப் பஞ்சமில்லை. சீதாலெட்சுமி போய் எடுத்துவந்து கொடுத்தாள். பெண் கூரைமேல் எறிந்துவிட்டு எங்கே விழுந்தது என்று எட்டி எட்டிப் பார்த்தாள். பால் பல் விழுகிற பிள்ளை. பதினெட்டாவது பதினாறாவது, பன்னிரண்டு இருந்தால் அதிகம்.

தம்புசாமி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவள் பரிமாறாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"அது கொழந்தடா. இன்னும் பால் பல்லு விழுந்துக்கிட்டு இருக்கு. நீ நெசமாவே பதினெட்டுன்னு நம்புனியா?"

"சின்னையா அண்ணன் சொன்னாரு. நம்புனேன்."

"உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தோட்டத்துப் புள்ளைங்க சோறில்லாம அப்படித்தான்க்கா குச்சியா இருக்கும்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தத் தட்டில் இன்னும் சோறு விழவில்லை.

மறுநாள் அவள் அஞ்சலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாவாடை சட்டை வாங்கிப் போட்டு, ரயிலேற்றிக் கிள்ளானுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து பஸ் பிடித்துக் காப்பார். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பஸ்ஸை விட்டிறங்கியதும் பெண் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

அஞ்சலையின் அம்மா மாரியாயி உயிரோடு இருந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தலை, கை, முதுகு என்று தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சீதாலெட்சுமியைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை.

"நான் பால் வெட்டப் போயிருந்தப்ப என் அண்ணன் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். எதுக்குக் கொண்டாந்து விடுற? என்ன பண்ணீங்க எம் புள்ளய?"

"எங்கூடத்தான் படுத்துச்சு. யாரும் ஒண்ணும் பண்ணல. புள்ளயவே கேளு."

"கேப்பேன். யாரு வீட்டுல இருந்துச்சு? பேரு என்ன?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அஞ்சலை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீதாலெட்சுமி தம்பியின் பெயரையும் வீட்டையும் சொல்லிவிட்டாள். மாரியாயி ஏற்கெனவே போலீசில் சொல்லி வைத்திருந்தாள் என்பது, மறுநாள் மாத்தா மாத்தா என்கிற போலீஸ்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. சின்னையாவைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சயாமுக்கு ஓடிவிட்டார் என்றார்கள்.

கேஸ் கிள்ளான் கோர்ட்டில் நடந்தது. வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட்டுக்கும் கூண்டில் நின்ற தம்புசாமிக்கும் நடுவில் முத்துக்குமாரு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். டாக்டர் பெண்ணின் பல்லையும் எலும்பையும் பார்த்துப் பன்னிரண்டு சொச்சம் என்று சொல்லிவிட்டார்.

தம்புசாமி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "பதினெட்டுன்னு சொன்னாங்க தொரை. அம்மா செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. நம்பித்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். சுண்டு வெரலு கூட மேல படல."

மாஜிஸ்ட்ரேட் நிதானமாகப் பேசினார். முத்துக்குமாரு அதைத் தமிழாக்கினார்: "பதினாறு வயது நிறையாத பெண்ணை, பெற்றவளின் சம்மதமில்லாமல் அழைத்துப் போவது குற்றம். அவளுடைய வயதைப் பற்றி நீ என்ன நம்பினாய் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. தண்டனையைக் குறைக்க மட்டும் அதைப் பார்க்கலாம்."

சீதாலெட்சுமியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பெண் தன்னோடுதான் இருந்தாள், தானேதான் கொண்டுபோய் விட்டேன் என்றாள். அப்புறம் அவளிடம் ஒன்று கேட்டார்கள்: பெண்ணை முதலில் பார்த்தபோது உனக்கு என்ன வயது தோன்றியது?

தம்பி கூண்டிலிருந்து அவளையே பார்த்தான்.

"வாசல்ல வந்து எறங்கினப்பவே எனக்குச் சந்தேகந்தான்" என்றாள்.

மூன்று மாதம் ஜெயில்.

வெளியே மரத்தடியில் நின்ற முத்துக்குமாருவை அவள் மறித்தாள். "பொய் சொன்னவன் சயாமுல இருக்கான், ஐயா. நம்புனவன் உள்ள போறான். இது நாயமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, கன வருஷமா நான் இந்த வேலை செய்யிறன். நம்பினனான் எண்டு சொல்லாத ஒருத்தனையும் இந்தக் கூண்டிலை நான் கண்டதில்லை. அதுக்குள்ளை மெய்யா நம்பினவன் ஆர், நம்பினமாதிரி இருந்தவன் ஆர் எண்டு கண்டுபிடிக்க வெளிக்கிட்டால் அந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"அப்போ எந் தம்பி?"

"உங்கடை தம்பிக்கு இது அநியாயமாயும் இருக்கலாம்" என்றார் அவர். "அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

ரயிலில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

ஜெயிலில் பார்க்கப் போனபோது தம்புசாமி மெலிந்திருந்தான். ரயில்வேயில் வேலை போய்விட்ட செய்தியை அவள் சொல்லும் முன்பே தெரிந்து வைத்திருந்தான்.

"எல்லாரும் சந்தேகப்படட்டும். நீ நம்புறியாக்கா?"

"நான் பாத்தவுடனே சந்தேகப்பட்டேன். உனக்கு ஏன்டா தோணாமப் போச்சு?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"கிள்ளான் ஸ்டேஷன்ல பாத்தப்பவே தோணுச்சு. கேட்டா, கல்யாணம் இல்லேன்னு ஆயிருமேன்னு கேக்கல. கேக்காததால நம்பிக்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் கெட்டவன் இல்லை என்பதற்காகவா, அவ்வளவு நல்லவனும் இல்லை என்பதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. கொண்டுவந்த பலகாரத்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெளியே வந்த பிறகு அவனுக்குக் கிள்ளான் படகுத்துறையில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. வீட்டை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். பாசாரில் காய்கறி வாங்கப் போனபோது ஒருமுறை சீதாலெட்சுமி மாரியாயியைக் கண்டாள். கூட வந்த அஞ்சலை சீதாலெட்சுமியைப் பார்த்துச் சிரிக்கப் போனாள், தாய் மகளின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள். சீதாலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் திருப்பித்தான் இருப்பாள்.

அடுத்த வருஷம் ஜெஞ்சாரோம் என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்லம்மாள் என்று பெயர். புருஷன் இறந்து தனியாக இருப்பவள், தம்புசாமிக்கு ஒத்த வயது என்றார்கள்.

"நீயும் வாடா, பாத்துட்டு வரலாம்" என்றாள்.

"நீ போய்ட்டு வாக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டு வா."

புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று அவன் முகத்தை ஒரு முறை கூர்ந்து பார்த்தாள்.

"நீதான்டா கேக்கணும்" என்றாள். "எந்திரிச்சு சட்டையப் போடு."