நான் என்று ஒரு வரி

எங்கள் கணிதத் துறையில் ஒரு வேடிக்கையான பழக்கம் உண்டு. ஒற்றை ஆள் தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும், கட்டுரையில் 'நாம் இப்போது நிரூபிப்போம்' என்றுதான் எழுதுவார்கள். "தன்னையே 'நாம்'னு சொல்லிக்கிறது ராஜாவுக்கு அப்புறம் நாமதான்டி" என்று அண்ணன் கிண்டல் செய்வான். எங்கள் கட்டுரையில் மட்டும் அந்த 'நாம்' நிஜம். நானும் அவனும் சேர்ந்து எழுதியது.

ஒரு வகைக் கணக்கை, எந்தக் கம்ப்யூட்டராலும் ஓர் அளவுக்கு மேல் வேகமாகப் போடவே முடியாது என்று நிரூபித்திருந்தோம். அது எதற்கு உதவும் என்று அம்மா கேட்டாள். "முடியாதுன்னு தெரிஞ்சா நிம்மதியா தூங்கலாம்மா" என்றான் அண்ணன். கட்டுரை அச்சாவதற்குள் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கட்டுரை ஒன்றை நம்பித்தான் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். என் மதிப்பெண்கள் சுமார் ரகம். விண்ணப்பத்தோடு அனுப்ப நான் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு எங்கள் கல்லூரிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, பக்கம் முழுக்க நாங்க நாங்கன்னே இருக்கு? அவங்க உன்னைத்தானே எடுக்கப் போறாங்க? நான்னு மாத்து. அப்பதான் எடுபடும்."

"முக்கியமான படி அண்ணனோடது சார்."

"அது யாருக்குத் தெரியும்?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்மேல் இருந்த அக்கறை.

யாருக்கும் தெரியாதுதான். பாதிச் சவரத்தோடு, கன்னத்தில் நுரை வழிய ஓடிவந்து, "ரெண்டு பக்கமும் எண்ண வேணாம்டி, ஒரு பக்கம் போதும்!" என்று அவன் கத்தியதைக் கேட்டவள் நான் மட்டும். மற்ற எல்லாப் படிகளையும் மாங்கு மாங்கென்று போட்டவளும் நான்தான். 'நான் கண்டறிந்தேன்' என்று ஒரு வரி அடித்துப் பார்த்தேன். அவனை இன்னொரு தடவை அனுப்பிவைப்பதுபோல் இருந்தது. அழித்துவிட்டு, அந்தப் படி என் அண்ணனுடையது, மீதி என்னுடையது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவன் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. அதைக் காட்டி இடம் கேட்க மனசு வரவில்லை.

நேர்காணல் கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். அண்ணனுடைய படியை விளக்கச் சொன்னார்கள், விளக்கினேன். நடுவில் இருந்த அம்மையார் திரையை நெருங்கி வந்தார்.

"பிரமாதம்! உங்க அண்ணன் ஏன் விண்ணப்பிக்கலை?"

"அவரால வர முடியாதுங்க."

"முடியறப்ப போடச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவோம்."

என் பங்கைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வயிறு எரிந்தது. போயும் போயும் செத்தவன்மேல் பொறாமைப்படுகிறோமே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. தகவல் வந்ததும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன்.

"பரவாயில்லம்மா, விடு" என்றார். ஆனால் நகரவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அவன் போட்டிருந்தா கிடைச்சிருக்கும், இல்ல?"

"கிடைச்சிருக்கும்பா. அவங்களே சொன்னாங்க."

அண்ணன் போனபிறகு அன்றைக்குத்தான் அப்பாவின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "இரு, அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று விறுவிறுவென்று உள்ளே போனார்.

எனக்குக் கிடைக்கவில்லை என்பதை அன்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.