பழுப்புத் தாள்

பெற்றோர் சங்கத் தலைவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். பள்ளி நூலகத்தின் ஓவியப் புத்தகம் முழுக்க அந்த எச்சில் ரேகை. எதிரே பசைக் கிண்ணத்தோடு நின்ற நூலக உதவியாளர் அந்த ஈரம் விரலில் படாமல் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்தாள்.

துணியில்லாத உடம்பைப் பிள்ளைகள் படத்தில்கூடப் பார்க்கக் கூடாது என்று யாரோ ஒரு அப்பா புகார் எழுதிப்போட்டிருந்தார். தலைவர் பென்சிலால் குறி போடுவார். அவள் பழுப்புத் தாளை வெட்டி அங்கே ஒட்ட வேண்டும். காலையிலிருந்து இதே வேலை. ஒரு படத்துக்குக் குறி போட அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்.

"எல்லாம் பிள்ளைங்க நல்லதுக்குத்தாம்மா."

"நீங்க பாத்து முடிச்சிட்டீங்கன்னா ஒட்டிடுவேன் சார்."

குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் குறி விழுந்தது.

"இது தாய் சார். இதுல என்ன இருக்கு?"

"இருக்கும்மா. உனக்குத் தெரியாது."

அவள் வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை இருந்தது. வேலை போனால் அடுப்பு எரியாது. அந்தத் தாயின்மேலும் தாளை ஒட்டினாள். தன்மேலேயே யாரோ எச்சில் தடவியதுபோல் உடம்பு கூசியது.

மறுநாள் இடைவேளையில், இத்தனை வருஷம் சீந்துவாரில்லாமல் கிடந்த புத்தகத்தைப் பிள்ளைகள் மொய்த்தார்கள். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கிசுகிசுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் மகளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

சாயங்காலம் மகள் நோட்டை நீட்டினாள். அம்மாவை வரைந்திருந்தாள். நீளமான கை, காதுவரை சிரிப்பு. நடுவில் ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"தம்பி எங்கடி?"

"அதுக்குக் கீழ இருக்கான். பால் குடிக்கிறான்."

"அத ஏன் மூடினே?"

"அசிங்கம்ல. நீதானேம்மா ஒட்டினே."

தொட்டிலில் கிடந்தவன் பசித்து அழுதான். அவள் எடுத்து மடியில் போட்டதும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர்மேல் இருந்த அருவருப்பெல்லாம் தன் விரல்மேல் திரும்பியது. நகக்கண்ணில் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

மறுநாள் காலை நூலகத்தைத் திறந்ததும் தண்ணீரும் பஞ்சுமாக உட்கார்ந்தாள். மாவுப் பசை, ஊறினால் விட்டுவிடும். முதலில் அந்தத் தாயின் பக்கத்தை விரித்தாள். நனைந்த தாள் மெல்ல உரிந்து, குழந்தையின் கன்னம் தெரிந்தபோது வாசலில் தலைவரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்றே?"

அவள் தலை நிமிரவில்லை.

"எச்சில் தொடைக்கிறேன் சார்."