உயிர் ஆணி

என் வீட்டுப் பின்னறையில் ஒன்பது பச்சிங்கோ சூதாட்டப் பெட்டிகள் இருக்கின்றன. எல்லாமே அந்தக் காலத்துக் கைவிசைப் பெட்டிகள். இப்போது கடைகளில் வைத்திருக்கிறார்களே, நடுவில் திரை, பொம்மைப் படம், காதைக் கிழிக்கும் பாட்டு, அதெல்லாம் என் கணக்கில் பெட்டியே இல்லை, டிவி. என்னுடையவற்றில் ஒரு மரச்சட்டம், ஒரு கண்ணாடி, உள்ளே பலகை நிறையப் பித்தளை ஆணி, அவ்வளவுதான். விசையைத் தட்டினால் இரும்புக் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் முட்டி மோதிக்கொண்டு இறங்கும். குழியில் விழுந்தால் மணி அடித்துப் பத்துப் பதினைந்து குண்டு தட்டில் கொட்டும். விழாவிட்டால் போனது போனதுதான். வேறு யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை.

பெட்டிகளை எனக்குப் பிடித்துக் கொடுப்பவர் கவாசுமி. கிஃபுவில் இருக்கிறார். மூடிப்போன கடைகளின் கிடங்குகளைக் கிளறுவதே அவர் பிழைப்பு. வரும்போது பெட்டி பார்க்கச் சகிக்காது. முதல் வேலை சிகரெட் கறையைத் துடைப்பது. கண்ணாடியிலும் பலகையிலும் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். எவனெவனோ தோற்றுக்கொண்டே ஊதிய புகை. அப்புறம் பூக்களைக் கழற்ற வேண்டும். சில குழிகளின் வாயில் பிளாஸ்டிக்கில் துலிப் பூ வைத்திருப்பார்கள். குண்டு விழுந்தால் இதழ் விரிந்து அடுத்த குண்டுக்கு வழி விடும். அதன் சுருள்கம்பி துருப்பிடித்திருக்கும். பின்பக்கத்து ஒயரை எலி தின்றிருக்கும். குண்டுகளைப் பழைய அரிசிப் பையில் போட்டு, பாலிஷ் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு குலுக்கு குலுக்கென்று குலுக்குவேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு அந்தக் குலுக்கல் பழகியதுதான்.

இவ்வளவும் செய்துவிடலாம். ஒன்றைத்தான் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஆணி வைப்பது.

குழிக்கு நேர் மேலே இரண்டு ஆணி நிற்கும். உயிர் ஆணி என்போம். அவற்றின் இடைவெளியைச் சுத்தியலால் ஒரு மயிரிழை தட்டி அகட்டினால் குண்டு விழும், நெருக்கினால் விழாது. கடையில் யாரோ தட்டி வைப்பார்கள். காலையில் நாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, ஆணி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று படித்துவிட்டு உட்காருவோம். ஆட்டமே அதுதான். தட்டியவனுக்கும் உட்கார்ந்தவனுக்கும் நடக்கிற சண்டை. நானே தட்டி நானே உட்கார்ந்தால் யாரோடு சண்டை போடுவது? ஜெயித்தாலும் என் குண்டு, தோற்றாலும் என் குண்டு. பெட்டியின் முதுகைத் திறந்து அள்ளி மறுபடியும் தட்டில் போட்டுக்கொள்வேன். இந்த இரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன்பு என் வீட்டில் ஆணி வைத்தவள் யாசுயோ, என் மனைவி. ஓஸோனே ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்த ஒரு சின்னக் கடையில் அவளுக்கு அதுதான் வேலை. நான் பணி முடிந்து அங்கே போய் உட்காருவேன். மூன்று வருடம் என் சம்பளத்தை உறிஞ்சினாள், பிறகு என்னையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகாவது சலுகை உண்டா என்று கேட்டதற்கு, அவள் வாய்க்குப் பேர்போனவள், என்ன சொன்னாள் தெரியுமா?

“யோவ், தெரிஞ்சவனுக்கு ஆணிய அகட்டினா அதுக்குப் பேரு திருட்டு. கடையில மூட்டயக் கட்டி அனுப்பிடுவாங்க. தெரியாதவனா இருந்திருந்தா உனக்குப் பாவம் பாத்திருப்பேன். விதி, என்னக் கட்டிக்கிட்ட.”

கடை மூடி, நான் பெட்டி சேர்க்க ஆரம்பித்த பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை. ஞாயிறு சாயங்காலம் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு சின்னப் பித்தளைச் சுத்தியலால் டிக் டிக்கென்று தட்டுவாள். நான் எட்டிப் பார்க்கக் கூடாது. திங்கட்கிழமை காலை உட்கார்ந்தால், மதியத்துக்குள் தட்டு காலி. அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள்.

“என்னய்யா, சத்தத்தக் காணோம்? மணி கெட்டுப்போச்சா?”

“மணி நல்லாத்தான் இருக்கு. நீதான் கெட்டவ.”

“கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. அந்த ரெண்டு ஆணிக்கு நடுவுல உன் புத்தி மட்டுந்தான் நுழையும். அவ்வளவு சின்னது.”

அந்தப் பேச்சுக்காகவே தோற்கலாம். தோற்றுக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவையும் எனக்கு ஆணியை அகட்டியதில்லை.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பு, பிறகு வீட்டு வழி, பிறகு பெயர்கள். இப்போது மோரியாமா குன்றுக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போகிறேன். அவளுக்குப் பிடித்த ஓனி மன்ஜு வாங்கிப் போவேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டு போட்டு மாவோடு அவிப்பார்களே, அது. என்னைப் பார்த்ததும், “வாங்க, வாங்க, உக்காருங்க” என்பாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். நான் பூரித்துப்போவேன். அடுத்த நிமிடம் குழாய் ரிப்பேர் செய்ய ஒருவன் உள்ளே வருவான். அவனுக்கும் அதே “வாங்க, வாங்க”, அதே சிரிப்பு. கடையில் நின்றவளுக்கு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

என்னைத் தெரிகிறதா, தெரியவில்லையா? அந்த ஒரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் இசோபே என்ற பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“ஐயா, நான் யாருன்னு தெரியுதான்னு மட்டும் கேட்டுடாதீங்க. தெரியலன்னா அவங்க பயந்துடுவாங்க. அன்னிக்குப் பூரா சாப்பிட மாட்டாங்க.”

கேட்கவில்லை. கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசித்தேன். ஒரு நாள் பின்னறையில், நானே வைத்த ஆணியோடு நானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தோன்றியது. வாய்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசுகிறது. கை அப்படி இல்லையே. சுத்தியலைக் கொடுத்துப் பார்த்தால்? என்னைத் தெரிந்திருந்தால் நெருக்குவாள். நெருக்காமல் அவளால் இருக்க முடியாது.

அவளுக்குப் பிடித்த பெட்டியிலிருந்து ஆணிப் பலகையை மட்டும் கழற்றினேன். உயிர் ஆணிகளை நடுத்தரமாக, அகலமும் இல்லாமல் நெருக்கமும் இல்லாமல், தட்டி வைத்தேன். துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். ஓட்டியவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குலுக்கி நிறுத்தினான். என்னிடம் ஓட்டப் பழகியிருந்தால் அடி வாங்கியிருப்பான்.

இசோபே சுத்தியலைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“ஐயா, இதெல்லாம் உள்ள கொண்டு வரக் கூடாது.”

“இத வச்சு ஒரு கொசுவக் கூட அடிக்க முடியாதும்மா. நீ பக்கத்துலயே நில்லு.”

நின்றாள். பலகையை மேசைமேல் சாய்த்து வைத்தேன். யாசுயோ அதைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுடைய நிஜமான முகத்தைப் பார்த்தேன், வேலை பார்க்கிற முகம். சுத்தியலை வாங்கி, பிடியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒற்றைக் கண்ணை மூடி ஆணி வரிசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஏதோ வேண்டாத ஆளைப் பார்ப்பதுபோல்.

எனக்குப் புரிந்தது. சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். எட்டிப் பார்க்கக் கூடாதல்லவா. முதுகுக்குப் பின்னால் டிக் டிக் கேட்டது. வெளியே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அந்த ஈரத் துணிகளைப் பார்த்தபடி நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகிவிட்டது. தெரிந்துகொண்டாள், தெரிந்துகொண்டாள் என்று மனசு அடித்துக்கொண்டது. இசோபேயிடம், “இவ என்னை ஓட்டாண்டியாக்கப் போறா பாரு” என்று பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். ஆணியைப் படிக்கவில்லை. வேண்டுமென்றே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையைப் பெட்டியில் மாட்டினேன். தட்டில் குண்டைக் கொட்டி உட்கார்ந்து முதல் குண்டைத் தட்டினேன்.

மணி அடித்தது.

தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது தட்டினேன், மணி அடித்தது. துலிப் விரிந்தது. மூன்றாவது விரிந்த பூவுக்குள் போனது. பிறகு நான் எப்படித் தட்டினாலும், மெதுவாகவோ வேகமாகவோ, குண்டு நேராக வந்து உயிர் ஆணிகளுக்கு நடுவில் இறங்கியது. தட்டு நிரம்பி, மடியில் கொட்டி, பாயில் உருண்டு ஓடியது. நான் விசையை விட்டுவிட்டேன். எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். இரண்டு ஆணியும் வாசல் கதவுபோல் திறந்து கிடந்தன.

அன்று யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. கவாசுமியைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? போன் செய்தேன். அவர் சிரித்தார்.

“நல்லதுதானேப்பா. கடைசியில உன் பெண்டாட்டிக்கும் உன் மேல இரக்கம் வந்துடுச்சு.”

“யோவ், இத்தன வருஷமா பெட்டி விக்கிற, உனக்குத் தெரியாதா? கடையில யாருக்குய்யா ஆணிய அகட்டுவாங்க?”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“புதுசா வர்றவனுக்கு” என்றார். “மொதத் தடவ ஜெயிச்சாத்தான் மறுபடி வருவான்னு.”

“ஆங். அதான்.”

“நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார். வைத்துவிட்டேன். பாயில் கிடந்த குண்டுகளைப் பொறுக்கவில்லை. அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன். தோற்கடிக்கக்கூட ஆள் இல்லாத வீட்டில் ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்.

வாரம் முழுதும் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஆணிகளைப் பழையபடி நடுத்தரமாக்கிக்கொண்டு, மறுபடியும் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“வாங்க, வாங்க, உக்காருங்க” என்றாள் யாசுயோ.

பலகையை வைத்தேன். சுத்தியலை நீட்டினேன். அவள் ஒற்றைக் கண்ணை மூடியபோது, இசோபே சொன்னதையும் மீறி, சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

“நான் புதுசு இல்லீங்க. ரொம்ப வருஷமா வர்றவன்.”

அவள் சுத்தியலை இறக்கினாள். என் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தாள். அவசரப்படவில்லை. பேருந்தில் கடைசிப் படியில் நிற்பவன் கம்பியைப் பிடிப்பதுபோல் நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சும்மா சொல்றீங்க சார்” என்றாள், சிரித்துக்கொண்டே. “பழைய ஆளா இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே யாருன்னு சொல்லிடுவேன்.”

அவள் என்னை ‘சார்’ என்று சொன்னதே இல்லை. நாற்பத்துச் சொச்சம் வருடம் நான் வெறும் ‘யோவ்’தான். இசோபே என் தோளைத் தொட்டாள். நான் கையை விலக்கிவிட்டேன்.

“அப்ப புதுசாவே இருந்துட்டுப் போறேன்” என்றேன். “ஆனா ஒரு ஒத்தாசை. ஆணியக் கொஞ்சம் நெருக்கி வைங்க. நல்லா நெருக்கி.”

“நெருக்கணுமா? எதுக்கு சார்?”

“எனக்குத் தோக்கணும்.”

யாசுயோ இசோபேயைப் பார்த்து, இது என்னடா ஆள் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். பிறகு என் பக்கம் குனிந்து, கடை முதலாளி காதில் விழக் கூடாத மாதிரி, மெல்லிய குரலில், ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்.

“அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மொதல் தடவ வெறுங்கையோட அனுப்பிட்டா, நீங்க மறுபடி வருவீங்களா?”

“வருவேன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. சுத்தியலை எடுத்து, இரண்டு உயிர் ஆணிகளையும் அகட்ட ஆரம்பித்தாள்.