இன்று இதே நாளில் கோகிலவாணி

காலை விடிந்தால் போதும், பாலசுந்தரம் ஆரம்பித்துவிடுவார். 'சேலம் இசை ரசிகர்கள்' வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். இன்று இதே நாளில் எந்த இசையமைப்பாளர் பிறந்தார், எந்தப் பாடகி மறைந்தார், எந்தப் படத்தின் இசைத்தட்டு வெளியானது என்று வரிசையாகப் போடுவார். பிறந்தவர்களுக்குக் கலர் படம், மறைந்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. குழுவில் எழுத்தைப் படிக்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. கலர் என்றால் கேக், கறுப்பு வெள்ளை என்றால் கைகூப்பு. சோலி முடிந்தது.

அஸ்தம்பட்டியில் தனியாக இருக்கும் கோகிலவாணிக்கு அந்தக் குழுதான் பேச்சுத்துணை. துணை என்றால், அவர்கள் பேசுவார்கள், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இவள் பாடாத பண்டிகை மேடை கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்தார். மகன் ஜெயபிரகாஷ் ஓசூரில் வேலையாகி, தன் பழைய போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், சாப்டியாம்மா என்பான், வைத்துவிடுவான்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி, செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகையில் அவள் முதன்முதலாக மைக் பிடித்த நாள். பாலசுந்தரம் போடுவார், போடுவார் என்று வருஷா வருஷம் ஏமாந்தவள், இந்த முறை வெட்கத்தை விட்டுத் தானே எழுதினாள்: "இன்று இதே நாளில் கோகிலவாணி முதன்முதலாக மேடையேறினார்." மேடைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கறுப்பு வெள்ளை. அதையும் சேர்த்து அனுப்பிவிட்டு, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தராவது, நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் போதும்.

முதல் பதில் பாலசுந்தரத்திடமிருந்தே வந்தது. "ஆழ்ந்த இரங்கல்."

அப்புறம் அடைமழைதான். இரங்கல், இரங்கல், இரங்கல். போனில் இன்னும் மகன் பெயர்தான் இருந்தது. பையன் தகவல் சொல்கிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். "சேலத்துக்குக் கிடைத்த தங்கக் குரல்" என்றார் ஒருவர். இத்தனை நாளாய் எங்கேயப்பா வைத்திருந்தீர்கள் இதையெல்லாம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. 'நான் இருக்கிறேன்' என்று எழுதி அனுப்பப் போகையில் போன் அடித்தது.

கூப்பிட்டது அன்வர் பாட்சா. அவள் பாடிய காலமெல்லாம் மேடையில் பக்கத்திலேயே நின்று கீபோர்டு வாசித்தவர்.

"ஏனுங்க, ஜெயபிரகாஷ் தம்பி ஊடுங்களா?"

"ஆமாங்க."

"பாட்சா பேசறனுங்க. கோகிலாக்கா போயிருச்சாமே. மனசே ஆறலீங்க. அது குரல் இருக்குதே, ஆயிரம் பேர்ல கண்டுபுடிச்சுருவேன். நீங்க மருமகளுங்களா?"

'ஆமாங்க' என்று சொன்ன குரல் யாருடையது என்று இந்த மனுஷனுக்குக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்பங்க எடுக்கறீங்க? ஒருக்கா மொகத்தப் பாத்தே ஆகணுங்க. பழைய செட்டு ஆளுங்க எல்லாரும் வேன் புடிச்சு வாரோம்."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அல்லா காப்பாத்துனான் என்பார். மனசாரச் சந்தோஷப்படுவார். ஒருநாளைக்கு ஊட்டுப்பக்கம் வாரேனுங்க என்பார். வேன் வராது.

"சாயங்காலம் நாலு மணிக்குங்க," என்றாள். "அவசியம் வந்துருங்க."

போனை வைத்ததும், எழுதி வைத்திருந்ததை அழித்தாள். தலையை வாரி, இருந்ததில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் போய் அஞ்சு பாக்கெட் பால் கேட்டாள்.

"என்னக்கா, ஊட்ல விசேஷமுங்களா?" என்றான் கடைக்காரன்.

"ஆமா சாமி," என்றாள் கோகிலவாணி. "ஆளுங்க வர்றாங்க."